நைனாவின் டூயல் 1219: சரி செய்வதா, புதிது வாங்குவதா?

ராயபுரத்தான்:

வணக்கம். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் டூயல் 1219 என்று ஒரு ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. ஜெர்மனியில் செய்தது. எங்கள் நைனா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறிக்கிற வேலை. 1972-இல் ஒரு கப்பல் இன்ஜினியரிடம் இதை வாங்கினார். அது எப்படி துறைமுக கேட்டைத் தாண்டி ராயபுரம் வந்து சேர்ந்தது என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார், அதனால் அந்தக் கதையை விட்டுவிடுவோம். நைனா போய் 11 வருடம் ஆகிறது. பெட்டி இன்னும் அதே தேக்கு ஸ்டாண்டின் மேல்தான் இருக்கிறது.

இப்போது அதைப் போட்டுக் கேட்பது அம்மா. 79 வயது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏதாவது ஒரு சினிமா கதை வசன எல்பி ரெக்கார்டைப் போடுவார். முதல் பக்கம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். பக்கம் முடிந்ததும் டூயல் தானே ஊசி மாட்டிய கையைத் தூக்கி, ஓரத்தில் கொண்டுபோய் வைத்து, 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். சின்ன வயதில் எங்களுக்கு அந்த டொக் ஒரு கடிகாரம். டொக் கேட்டால் டீ போட ஆரம்பிப்பார்கள் என்று அர்த்தம், தெருவில் விளையாடுகிறவன் வீட்டுக்கு ஓடிவரலாம்.

ஆறு மாதமாக டொக் இல்லை. பக்கம் முடிந்ததும் கை எழும்புகிறது, கொஞ்சம் யோசிக்கிறது, அதே இடத்தில் இறங்குகிறது. மறுபடி எழும்புகிறது, மறுபடி இறங்குகிறது. நான் ஒருநாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா நல்ல தூக்கம், கை தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊசி என்ன கதியானதோ.

இது தவிர இன்னும் இரண்டு மூன்று உபாதை. இடது ஸ்பீக்கர் அடிக்கடி ஊமையாகிவிடும், ஊசி மாட்டியிருக்கிற தலையை விரலால் லேசாகத் தட்டினால் வரும். பாட்டுக்குப் பின்னால் தூரத்தில் ரயில் போகிற மாதிரி ஒரு குர்ர் சத்தம். போன வருடம் ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். மூன்று வாரம் வைத்திருந்து, எங்கெல்லாம் சந்து தெரிந்ததோ அங்கெல்லாம் எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு முதல் இரண்டு நிமிடம் டி.எம்.எஸ். குளிர் காய்ச்சலில் பாடுகிற மாதிரி இழுக்கிறது. அப்புறம் சரியாகிவிடுகிறது. "இதெல்லாம் இனிமே தேறாது சார், குடுத்துடுங்க" என்று அவர்களே ஒரு விலையும் சொன்னார்கள். தேறாத சாமானுக்கு எதற்கு விலை என்று எனக்குச் சந்தேகம் வந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் நான் வேலையில் இருந்து ஓய்வு பெறுகிறேன். தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், 34 வருடம். என் மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். ஓய்வுக்குப் பரிசாகப் புது டர்ன்டேபிள் வாங்கித் தருகிறேன் என்று ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் ஒன்றை ஆன்லைனில் கூடையில் போட்டு வைத்திருக்கிறாள். "ஆயாவுக்கு இதுதான் வசதி, பட்டனை அமுக்கினால் போதும்" என்கிறாள். அதைவிட நல்லது வேண்டுமானாலும் நாற்பதாயிரம் வரை போகலாமாம்.

எங்களிடம் எல்பி ஒரு நாற்பது, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடுகிற சின்னத் தட்டு இ.பி. நூறுக்கு மேல், 78 சுற்று ஓடுகிற பழைய அரக்குத் தட்டு இருபத்துமூன்று. 78-இல் பாதி நாகூர் ஹனிபா, மீதி கே.பி. சுந்தராம்பாளும் எம்.எஸ்.ஸும். ஜிம் ரீவ்ஸ் எல்பி மூன்று உண்டு, எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியா போகும்போது நைனாவிடம் கொடுத்தது. வீடு சூரியநாராயண செட்டித் தெருவை ஒட்டி, மாடியில், பழைய மெட்ராஸ் டெரஸ். கன்டெய்னர் லாரி போனால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் கிலுகிலுக்கும்.

மாற்றிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு பையன்:

அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கதை வசனம் எல்லாம் யூடியூப்லயே கிடக்கு. ஆயாவுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்தா ரெண்டாயிரத்துல வேலை முடிஞ்சுது.

ராயபுரத்தான்:

தம்பி, வாங்கிப் பார்த்தாயிற்று. பாதி வசனத்தில் மருதாணி விளம்பரம் வந்ததும் அம்மா எழுந்துவிட்டார். அதோடு அதில் டொக் வராது.

ஊசிமுனை:

ராயபுரத்தாரே, முதலில் ஒரு கும்பிடு, அந்தக் கடையில் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்ததற்கு. 1219 சாதாரண சாமான் இல்லை. 12 அங்குலத் தட்டு, எடை மூன்று கிலோவுக்குக் குறையாது. 33, 45, 78 மூன்றும் சுற்றும், வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கவும் குமிழ் இருக்கிறது. இதையெல்லாம் தானாக எடுத்துத் தானாக வைக்கிற ஏற்பாட்டோடு சேர்த்து இன்று புதிதாகத் தேடினால் கண்ணில் படுவது அரிது.

உங்கள் கை தண்டால் எடுப்பதற்குக் காரணம் அரிசி மணி அளவுள்ள ஒரு ரப்பர் துண்டு. விளையாட்டாகச் சொல்லவில்லை. தட்டைச் சுற்றுகிற அதே மோட்டார்தான் கையையும் நகர்த்துகிறது. அடியில் ஒரு பெரிய பல்சக்கரம் ஒரே ஒரு சுற்று சுற்றும். அதன் மேல் இருக்கிற மேடு பள்ளம் ஒரு நெம்புகோலைத் தள்ளும், நெம்புகோல் கையைத் தள்ளும். நெம்புகோலும் கையும் தொடுகிற இடத்தில் இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் இருக்க, ஒரு சின்ன முளைக்கு ரப்பர் தொப்பி மாட்டியிருப்பான். அந்தப் பிடிப்பில்தான் கை பக்கவாட்டில் நகர்கிறது. ஜெர்மன்காரர்கள் அதை ஸ்டாயர்பிம்பெல் என்பார்கள். ஐம்பது வருடத்தில் அது காய்ந்து பொடியாகிவிடும், இல்லையென்றால் பிசுபிசு என்று உருகிவிடும். தூக்குவதற்கு அது வேண்டாம், நகர்த்துவதற்கு வேண்டும். அதனால்தான் எழும்புகிறது, நகரமாட்டேன் என்கிறது.

மாற்று என்ன தெரியுமா? சைக்கிள் டியூபின் காற்று வால்வில் மாட்டுகிற வால்டியூப் ரப்பர். அந்த ஊரிலேயே பல பேர் அதைத்தான் வெட்டிப் போடுகிறார்கள். நம் ஊர் சைக்கிள் கடையில் ஒரு முழம் கேட்டால் சில்லறைக் காசு.

இடது ஸ்பீக்கர் விஷயம்: தலையில் இருக்கிற பித்தளைக் காண்டாக்ட் பாசி பிடித்திருக்கும். ராயபுரம் உப்புக் காற்றுக்கு அது பிடிக்காவிட்டால்தான் அதிசயம். தலையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் அந்தக் காண்டாக்டுகளைத் தேயுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அடியில் ஒரு மியூட் ஸ்விட்ச் இருக்கும். கை நகரும்போது சத்தம் வராமல் அடைக்கிறது. அதன் தகடும் கறுத்திருக்கலாம், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும்.

இழுவை: கடைக்காரர் விட்ட எண்ணெய், மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் உருளுகிற ஐட்லர் சக்கரத்தில் பட்டிருக்கும், வழுக்குகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் சக்கரத்தின் ரப்பர் விளிம்பு, மோட்டார் புல்லி, தட்டின் உள்விளிம்பு மூன்றையும் துடையுங்கள். மோட்டார் பேரிங்குக்கு மேலும் கீழும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், எனக்குத் தெரிந்து இரண்டு பெட்டி அதனால் கட்டிப்போயிற்று.

ஒன்று கவனம். அதே ஆல்கஹாலைக் கொண்டுபோய் 78 மேல் தடவிவிடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஒரு துடைப்பில் ஹனிபா போய்விடுவார்.

கப்பலில் வந்தது என்பதால் கேட்கிறேன், மோட்டார் புல்லி நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கானதா? அமெரிக்காவுக்குப் போனதில் 60-க்கான புல்லி இருக்கும். அதை நம் கரண்டில் போட்டால் 33 சுற்று 28-க்கும் கீழே இறங்கிவிடும். சூடானதும் சரியாகப் பாடுகிறது என்பதால் உங்களுடையது 50 ஆகத்தான் இருக்கும். சந்தேகம் என்றால் 180 கோடு உள்ள ஸ்ட்ரோப் வட்டத்தை அச்செடுத்துத் தட்டில் வைத்துப் பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள், 33-இல் கோடு அசையாமல் நிற்க வேண்டும். எல்இடி பல்பு பலதில் அந்தத் துடிப்பு இருக்காது, அதில் பார்த்துவிட்டுப் பழுது என்று பயப்படாதீர்கள்.

இப்போது உங்கள் மகளின் கூடைக்கு வருகிறேன். எல்பி60எக்ஸ் கெட்ட சாமான் என்று சொல்லமாட்டேன். முழுத் தானியங்கி, ஊசியின் சன்னமான சத்தத்தைப் பெருக்குகிற ஃபோனோ ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, அம்மாவின் கதை வசனத்துக்குப் போதும். ஆனால் 33, 45 மட்டும்தான். 78 சுற்றாது. ஊசி செருகியிருக்கிற கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, ஊசியை மட்டும் மாற்றலாம். அதை வாங்கினால் அந்த இருபத்துமூன்று தட்டும் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

பெரம்பூர் லோகோ:

நண்பர் ஊசிமுனை சொன்னது அத்தனையும் சரி. இருந்தாலும் எதிர்க்கட்சிக்கும் ஓர் ஆள் வேண்டுமே.

என்னிடம் இருந்தது ஒரு கேரார்ட் எஸ்பி25. எட்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுக் கேட்கலாம் என்று உட்கார்ந்து, திறந்து, துடைத்து, மாட்டி, திரும்பத் திறந்து, மட்டன் குழம்பு ஆறிப்போன பிறகு எழுந்திருப்பேன். என் மனைவி ஒருநாள் கேட்டார்: "நீங்க பாட்டுக் கேக்குறீங்களா, வைத்தியம் பாக்குறீங்களா?" மறு மாதமே ஆடியோ-டெக்னிகா எல்பி120 வாங்கினேன். டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரின் தண்டிலேயே தட்டு உட்கார்ந்திருக்கும், நடுவில் பெல்ட்டும் கிடையாது, ரப்பர் சக்கரமும் கிடையாது. 33, 45, 78 மூன்றும் உண்டு. கூட வந்த விஎம்95இ கார்ட்ரிட்ஜில் ஊசியை மட்டும் உருவிவிட்டு 78-க்கான எஸ்பி ஊசியைச் செருகலாம். பத்து நொடி வேலை. நான்கு வருடம் ஆகிறது, நான் அதைத் திறந்ததே இல்லை. ஸ்க்ரூடிரைவர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஆனால் உங்கள் பதிவைப் படித்த பிறகு இதைச் சொல்லியாக வேண்டும். எல்பி120 கையால் இயக்குகிற வகை. பக்கம் முடிந்தால் கை தூக்காது, யாராவது எழுந்துபோய் எடுக்கும்வரை உள் வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரேகா பிளானர் 1-உம் அப்படித்தான், அதோடு அதில் 78 கிடையாது, 45-க்கே தட்டைக் கழற்றி பெல்ட்டைக் கையால் மாற்ற வேண்டும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1500சி கையைத் தூக்கிவிடும், ஆனால் தட்டு நிற்காது. விலையும் உங்கள் மகள் சொன்ன கணக்குக்கு மேலே. தூங்கிப்போகிறவர்களுக்காக இன்று நல்ல டர்ன்டேபிள் செய்கிறவன் குறைவு. இந்தக் காலத்தில் ரெக்கார்ட் கேட்கிறவன் கண் கொட்டாமல் உட்கார்ந்து கேட்பான் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆகவே உங்களுக்குக் கையில் எண்ணெய் பட்டால் பிடிக்குமா என்று மட்டும் யோசியுங்கள். பிடிக்கும் என்றால் டூயல். பிடிக்காது என்றால் சும்மா நைனா ஞாபகத்துக்காக அதைக் கட்டி அழ வேண்டாம்.

பின்குறிப்பு: மலிவு விலையில் சூட்கேஸ் மாதிரி மடிக்கிற பிளேயர் பக்கம் போகவே போகாதீர்கள். பீங்கான் கார்ட்ரிட்ஜ், ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தம், சின்னத் தட்டு. இ.பி. எல்லாம் தேய்ந்துவிடும்.

வியாசர்பாடி லேத்:

குர்ர் சத்தத்துக்கு நான் பதில் சொல்றேன். ரெக்கார்ட் பத்தி எனக்குத் தெரியாது, சக்கரம் பத்தித் தெரியும்.

ஐட்லர் சக்கரத்தில் ரப்பர் காய்ந்து கல் மாதிரி ஆகியிருக்கும். மோட்டாரின் அதிர்வை விழுங்க வேண்டிய ரப்பர் இப்போது அதை அப்படியே தட்டுக்குக் கடத்துகிறது. நகத்தால் அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்து திரும்பினால் உயிர் இருக்கிறது. விழவே இல்லையென்றால் மேல் ரப்பரை உரித்துவிட்டுப் புது ரப்பர் ஒட்டி, லேத்தில் ஏற்றி, கல்லில் சாணை பிடித்து வட்டமாக்க வேண்டும். பிரின்டிங் மெஷின் ரோலருக்குச் செய்கிற அதே வேலைதான், சின்ன அளவில்.

எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி, புது ரப்பர் போட்டால் சக்கரம் பெரிசாகி வேகம் மாறிவிடாதா என்று. மாறாது. மோட்டார் புல்லியின் விளிம்பு எவ்வளவு ஓடுகிறதோ அதே அளவுதான் சக்கரத்தின் விளிம்பும் ஓடும், அதே அளவுதான் தட்டும் ஓடும். நடுவில் இருக்கிற சக்கரம் பெரிசோ சின்னதோ கணக்கில் வராது. இடத்தில் உட்கார வேண்டும், வட்டம் தப்பக் கூடாது, அவ்வளவுதான். வட்டம் தப்பினால் பாட்டு அலையும்.

ரப்பரை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். முதலில் துடைத்துவிட்டு, மிக நைசான உப்புத்தாளை விளிம்பில் லேசாகப் பிடித்து மேல் பளபளப்பை மட்டும் எடுங்க. பாதிப் பேருக்கு அதிலேயே சத்தம் குறைந்துவிடுகிறது.

ராயபுரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு திறக்கப்போகிறேன். பெரம்பூர் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: எண்ணெய் பட்டால் பிடிக்குமா தெரியாது, 34 வருடம் என் கையில் பட்டது பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்கப் படிவமும் ஸ்டாம்ப் மையும்தான். ஒரு சந்தேகம், இத்தனை கனமான தட்டு, லாரி ஆட்டம், மாடி வீடு. இதற்குப் புதுசு நன்றாகத் தாங்காதா?

ஊசிமுனை:

நல்ல கேள்வி. பதில் தலைகீழ். புதியதில் நிறைய வகை அடிக்கட்டை நேராக ரப்பர் காலில் நிற்கிறது, உங்கள் டம்ளர் கிலுகிலுத்தால் ஊசியும் கேட்கும். தடிமனான கருங்கல் பலகை மேல் வைத்தால் கொஞ்சம் தேவலை. 1219-இல் இயந்திரம் முழுக்க ஸ்பிரிங் மேல் மிதக்கிறது, பெட்டி ஆடினாலும் தட்டு அவ்வளவாக ஆடாது. தட்டுக்குப் பக்கத்தில் மேல் தகட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், மெத்தை மாதிரி இறங்கி ஏற வேண்டும்.

ராயபுரத்தான்:

இறங்கவில்லையே! பாறை மாதிரி நிற்கிறது.

ஊசிமுனை:

அப்படியென்றால் உங்கள் கடைக்காரர் கொண்டுபோகும்போது ஆடாமல் இருக்க டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ இரண்டையும் பூட்டியிருப்பார், திருப்பிக் கொடுக்கும்போது விடுவிக்க மறந்திருப்பார். தகட்டின் மேலேயே பெரிய தலையோடு தெரியும். இரண்டையும் விடுவியுங்கள். ஒரு வருடமாக அத்தனை கன்டெய்னர் லாரியையும் அம்மா பின்னணி இசையாகக் கேட்டிருக்கிறார்.

ராயபுரத்தான்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாருக்காவது உதவும்.

ஸ்க்ரூ இரண்டையும் விடுவித்ததும் தகடு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி மேலே வந்தது. அன்று ராத்திரி லாரி போகும்போது காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். டம்ளர் மட்டும்தான் கிலுகிலுத்தது.

ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கழற்றினேன். கையைக் கட்டி, பின்பக்க எடையைக் கழற்றித் தனியாக வைத்து, இரண்டு தலையணைக்கு நடுவில் பெட்டியைக் கவிழ்த்தேன். உள்ளே நைனாவின் கையெழுத்து. தகட்டின் ஓரத்தில் பென்சிலால் '14.1.78 எண்ணெய்' என்று எழுதியிருக்கிறார். பொங்கலன்று பண்ணியிருக்கிறார் மனுஷன். அதன் கீழே '80', '83' என்று வருடம் மட்டும். அப்புறம் ஒன்றும் இல்லை. நானும் 'எண்ணெய்' என்று எழுதி இந்த வருடத்தைப் போட்டேன், பென்சில் கிடைக்கவில்லை, பால்பாயின்ட்தான்.

ரப்பர் தொப்பியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். ஊசிமுனை சொன்னபடி முளை மட்டும் இருந்தது, அதன் மேல் கறுப்பாக ஒரு கறை. அதுதான் ரப்பராக இருந்ததாம். பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் பனங்கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது, தீக்குச்சியால் சுரண்டி ஒயிட் பெட்ரோலில் துடைத்தேன்.

காலடிப்பேட்டையில் ஒரு பழைய சைக்கிள் கடை. பெரியவரிடம் வால்டியூப் கேட்டேன். "எந்த சைக்கிளுக்கு?" என்றார். ரெக்கார்ட் பிளேயருக்கு என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், உள்ளே போய் இரண்டு ரகம் கொண்டுவந்து, சிவப்பு சீக்கிரம் வெடிக்கும், இந்தக் கறுப்பை எடுத்துக்கொள் என்றார். காசு வாங்கவில்லை. வேலை செய்தால் வந்து சொல்ல வேண்டுமாம்.

முதல் துண்டை நீளமாக வெட்டிவிட்டேன். கை தட்டைத் தாண்டி நடுக் கம்பியை முட்டப் போனது. இரண்டாவது குட்டை, எழும்பி வெறும் காற்றில் நின்றது. மூன்றாவது துண்டை வெட்டும்போது மகள் வந்து, பிளேடைப் பிடுங்கி, ஸ்கேலை வைத்து வெட்டினாள். மாட்டினேன். ஸ்டார்ட்டைத் தள்ளினால் கை எழுந்து, நிதானமாக நடந்து, முதல் கோட்டில் இறங்கியது. இந்த அழகை இத்தனை வருடம் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இடது ஸ்பீக்கர் அழிரப்பரிலேயே வந்துவிட்டது. இழுவையும் போயிற்று. குர்ர் முக்கால்வாசி போய்விட்டது, கால்வாசி இருக்கிறது. நகத்தால் அமுக்கினால் பள்ளம் விழவில்லை, அதனால் லேத் தம்பி, உங்கள் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், செவ்வாய்க்கிழமை சக்கரத்தோடு வருகிறேன்.

ஊசி பற்றி ஒரு கேள்வி பாக்கி. கார்ட்ரிட்ஜ் ஷ்யூர் எம்75. தண்டால் எடுத்த ஊசியை நம்பி நல்ல தட்டைப் போட மனம் வரவில்லை. ஷ்யூர் கார்ட்ரிட்ஜ் செய்வதையே 2018-இல் நிறுத்திவிட்டதாகப் படித்தேன். என்ன செய்ய?

ஊசிமுனை:

கார்ட்ரிட்ஜ் உடல் அப்படியே இருக்கட்டும். ஜப்பானில் ஜிகோ என்று ஒரு கம்பெனி ஷ்யூருக்கான ஊசிகளை இன்றும் செய்கிறது. உங்களுக்கு இரண்டு வேண்டும்: எல்பி, இ.பி.-க்கு ஒன்று, 78-க்கு ஒன்று. 78-இன் கோடு அகலம், அதற்கு முனை ஏறக்குறைய 75 மைக்ரான். எல்பிக்கு 18 போதும். இத்தனை நாள் எல்பி ஊசியில்தானே ஹனிபாவைக் கேட்டீர்கள்? அது கோட்டின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசித்திருக்கும். சரியான ஊசியில் கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஆம்ப்பில் மோனோ பட்டன் இருந்தால் அதையும் அமுக்குங்கள். 78-இல் ஒலி பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது, மேலும் கீழுமாக வருவதெல்லாம் கரகரப்பு. மோனோவில் அது ஒன்றையொன்று தின்றுவிடும்.

எடை பார்க்க நகைக்கடை டிஜிட்டல் தராசு போதும், சவுகார்பேட்டையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஊசி அட்டையில் போட்டிருக்கிற கிராம் அளவுக்குள் வையுங்கள். எண்ணெய் மாதிரி இதையும் அதிகமாக வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

பெரம்பூர் லோகோ:

தோற்றுப்போனேன், சந்தோஷமாக. கூடையில் இருந்த எல்பி60எக்ஸ் என்ன ஆயிற்று?

ராயபுரத்தான்:

அதை மகள் தனக்கே வாங்கிக்கொண்டாள், சிறுசேரி அறைக்கு. என் இ.பி.யில் ஐந்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அதில் இரண்டு சுசீலா. உறையோடு திரும்பி வருமா என்று பார்க்க வேண்டும். எனக்கான பரிசு இரண்டு ஊசியும் லேத் கூலியும் என்று முடிவாயிற்று.

அம்மா விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். நேற்று மத்தியானம் கதை வசனம் போட்டார், வழக்கம்போலத் தூங்கினார். நான் அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கம் முடிந்தது. கை எழும்பியது, ஓரத்துக்கு நடந்தது, டொக். அம்மா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"இது எதுக்குடா இப்ப சரி பண்ண? ஆறு மாசமா நிம்மதியாத் தூங்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் எழுந்து போய் டீ போட்டார்.